ஹம்னாவுக்கு முப்பத்தெட்டு நாள் குறைவு

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கல்முனை பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்தபோது என் இரண்டு முழங்கால்களும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தன. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அந்தப் பெருமையெல்லாம் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த ஒன்பது மணி நேர ரயிலில் கரைந்துபோயிற்று. இனி நாற்பது கிலோமீட்டர்; டிக்கெட் நூற்றைம்பத்தைந்து ரூபாய். "கல்முனைக்குடி ஒன்று" என்றேன். நடத்துனர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவா அம்மா? அந்தப் பக்கம் இரிங்க, இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்" என்று சன்னலோர இடத்தைக் காட்டினார்.

நான் எதற்காக இவ்வளவு தூரம் போகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் மற்றவர்கள் எழுதிய ஊர்ப்பெயர்களின் மேல் முத்திரை குத்தினேன். ஓய்வு பெற்ற வருடம் ஜெர்மனியில் தம்பி மகள் வீட்டில் போய் இருந்தபோது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று முதல் நாள் பள்ளிக்கூடம் புறப்பட்டது. தன் உயரத்துக்குச் சரியான மிட்டாய் நிரப்பிய ஒரு காகிதக் கூம்பை, அந்த நாட்டு வழக்கப்படி, கட்டிப் பிடித்துக்கொண்டு, முன்னால் வழி தெரியாமல் தத்தித் தத்திப் போயிற்று. அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகள் முதல் முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதைப் பார்ப்பது. பின்லாந்தில் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் பார்த்தேன். நாட்டுக்கு நாடு வயது மாறுகிறது. வாசலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொள்ளும் கை மட்டும் மாறுவதில்லை.

காத்தான்குடியில் ஓர் இளம்பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைப் பர்தா, மடியில் கலர் கலராக ஏழெட்டுக் கிரேப் பேப்பர் சுருள்கள். ஒரு சுருள் என் மூக்கில் இடித்தது.

"மன்னிச்சிக்கங்க. நாளைக்கி மறுநா புதுப் புள்ளைகள் வாற. மால செய்யோணும்."

எனக்குக் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. கல்முனைக்குடியில், கடலோரமாக உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு ரீச்சராம். முப்பத்தாறு பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கும் போக வேண்டியது அந்தப் பள்ளிக்கூடம்தான் என்றதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதைப் பார்ப்பதற்கென்று ஒரு மனுஷி கடல் தாண்டி வருவாள் என்று அவள் நம்பவில்லை.

எங்கள் காலத்தில் வயது பார்த்த விதத்தை அவளுக்குச் சொன்னேன். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தலைமை ஆசிரியர் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்லுவார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. எனக்குக் கை நீளம். நாலு வயதிலேயே தொட்டுவிட்டேன். அவரே ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொண்டார். நான் உண்மையில் பிறந்தது அதற்கடுத்த தைப் பொங்கலுக்கு மறுநாள். அந்த ஜூன் மாதத்தை நம்பித்தான் அரசாங்கம் என்னை ஏழு மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். "இஞ்சயும் முந்தி அப்பிடித்தான் எண்டு எங்கட வாப்பா செல்வாரு. இப்ப பேர்த் சேட்டிபிகேட்தான். ஜனவரி முப்பத்தொண்டுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிரிக்கணும். ஒரு நாள் குறஞ்சாலும் அடுத்த வருசந்தான்."

பெரிய கல்லாற்றுப் பாலத்தில் ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். மழை விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருக்க வேண்டும், எங்கு பார்த்தாலும் தண்ணீர். மருதமுனையில் டியூஷன் விட்ட நேரத்துச் சைக்கிள்களுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. பாண்டிருப்பு, கல்முனைச் சந்தை, பிறகு கல்முனைக்குடி. ஐந்தேகால் மணிக்கு இறங்கினேன்.

மாலை ஆறு மணி

என்னை அழைத்தவர் ஜெஸீமா. ஐந்து வருடங்களுக்கு முன்னால் கண் சிகிச்சைக்காகத் தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் மூன்று வாரம் வாடகைக்கு இருந்தார். அப்போது அவர் கைக்குழந்தையாகத் தூக்கி வந்த ஸைனப்தான் இந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போகப்போகிறாள். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார்.

ஒரே வளவுக்குள், ஒரே சுற்றுமதிலுக்குள், இரண்டு வீடுகள். ஒன்றில் ஜெஸீமா, மற்றதில் அவர் தங்கை றிஸானா. இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எங்கள் தெருப் பெண்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் மறுநாளே கப்பல் ஏறிவிடுவார்கள். அதனால் அக்காள் தங்கைகளின் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் வளர்கிறார்கள். ஸைனப்பும், றிஸானாவின் மகள் ஹம்னாவும், யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பிடிபட ஒரு மணி நேரம் ஆயிற்று. குண்டுக் கன்னமும் மெல்லிய குரலுமாக இருப்பது ஸைனப். கேள்வி கேட்பது ஹம்னா.

"மதுர மாமி, நீங்க எங்கள ஸ்கூலுக்குக் கொண்டு விடவா வந்த?"

"ஆமாம்."

"ஆமாம் எண்டா ஓமா?"

"ஓம்."

இரண்டு பேரும் என்னை உள்ளே இழுத்துப் போய்க் காட்டினார்கள். ஆணியில் இரண்டு வெள்ளைச் சட்டைகள், இரண்டு குட்டி வெள்ளைப் பர்தாக்கள். கீழே இரண்டு பைகள், இரண்டு தண்ணிப் போத்தல்கள், நாலு சப்பாத்துகள், அதாவது ஷூக்கள். என் பையிலிருந்து இரண்டு பென்சில் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தேன். ஜெஸீமா என் கையைப் பிடித்துக் சமையலறைக்குள் கூட்டிப் போனார்.

"அக்கா, பேர் வந்தது ஸைனபுக்கு மட்டுந்தான்."

கதை இதுதான். ஹம்னாவின் வாப்பா, றிஸானாவின் கணவர், ஒரு மௌலவி. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறார். பள்ளிவாசலில் நோன்பு, பெருநாள், கந்தூரி எது எந்த நாள் என்று எல்லாரும் அவரிடம்தான் கேட்கிறார்கள். அவர் எதையும் பிறைக் கணக்கில்தான் பார்ப்பார். ஹம்னா பிறந்தது றஜப் மாதம் பிறை பதினைந்து. "றஜப் பதினைஞ்சு வந்தா உனக்கு அஞ்சு முடியிது, ஸைனபோட பள்ளிக்குடம் போகலாம்" என்று இரண்டு வருடமாக அவளை மடியில் வைத்துச் சொல்லி வந்திருக்கிறார். றஜப் பதினைந்து ஜனவரி நடுவில் வந்துபோயும் விட்டது. அவர் கணக்கில் பிள்ளைக்கு ஐந்து முடிந்தது. ஆனால் பிறைக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் போல முந்திக்கொள்ளும். பிறப்புச் சான்றிதழில் இருப்பது மார்ச் பத்து. அரசாங்கக் கணக்கில் முப்பத்தெட்டு நாள் குறைகிறது.

போன வருட நடுவில் இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுத்தார்களாம். பள்ளிக்கூட அதிபர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "மௌலவி, இது அடுத்த வருசம்" என்று ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டார்.

"அதுக்கு ஆறு மாசம் ஆச்சே? இன்னுமா அவளிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"ஆர் செல்ற? உம்மாக்காரி வாப்பா செல்லட்டும் எண்டா. வாப்பாக்காரரு அந்தப் பேச்ச எடுத்தாலே எழும்பிப் பெய்த்திருவாரு. நான் ஒரு சட்ட மட்டும் தச்சா மத்தவ கேப்பாளே எண்டு ரெண்டு தச்சன்." ஜெஸீமா தேநீரை ஆற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க எத்தின நாட்டு ஸ்கூல் பாத்த ஆள். வெளி ஆள் சென்னா புள்ள கேக்கும். நீங்க செல்லுங்கக்கா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என்னை இவ்வளவு அன்பாக அழைத்ததில் பாதி இதற்காக என்று. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் தேநீர் நன்றாக இருந்தது, இஞ்சி போட்டிருந்தார்.

புதன்கிழமை, காலை ஒன்பது மணி

பள்ளிக்கூடத்தைப் பெற்றோர்கள் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸீமாவும் ஒரு வாளியோடு இறங்கிவிட்டார். வீட்டிலிருந்து நடந்து ஏழு நிமிடம். மணல் சந்து வழியாகப் போனால் ஐந்து. பஸ்ஸில் வந்த ரீச்சர் என்னைக் கண்டதும் ஒரு கட்டு கிரேப் பேப்பரை என் கையில் திணித்தாள். தபால் கட்டுக் கட்டிய கை, மாலை கட்டுவதற்கு ஒன்றும் சளைக்கவில்லை.

முற்றத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஒத்திகை நடந்தது. இந்த நாட்டில் அது ஒரு வழக்கம். புதிதாக வரும் பிள்ளையின் கையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்வது ஆசிரியர் இல்லை, போன வருடம் அதே வாசலில் அழுத இரண்டாம் ஆண்டுப் பிள்ளைதான். மாலையைப் போட்டு, கையைப் பிடித்து, வகுப்பு வரைக்கும் கூட்டிப்போய்க் கதிரையில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒத்திகையில் ஆளில்லாததால் எல்லாரும் காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு பொடியன் தன் காற்றை இழுத்துக்கொண்டே ஓடினான். ரீச்சர், "மெல்ல, மெல்ல, அது பயந்து போன புள்ள" என்று சொல்லித் திருத்தினாள்.

நான் அவளைத் தனியே கூப்பிட்டு ஹம்னாவைப் பற்றிச் சொன்னேன். முப்பத்தெட்டு நாள்தானே, ஓர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கவுன்டரில் உட்கார்ந்து, "விதி விதிதான்" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவள் நான். அன்றைக்கு எந்த வெட்கமும் இல்லாமல் கெஞ்சினேன்.

"எனக்கும் விருப்பந்தான்," என்றாள். "ஆனா இத மாதிரி இன்னும் நாலு புள்ள இரிக்கி. ஒத்தருக்கு விட்டா மத்த நாலு உம்மாமாருக்கும் நான் என்ன செல்ற? வந்து பாக்கட்டும். வகுப்பில இரிக்க ஏலா."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாலை நாலரை மணி

இரண்டு பிள்ளைகளையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். தோணிகள் கரையில் ஏறிக் கிடந்தன. ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்து என் தந்திரத்தை ஆரம்பித்தேன்.

"ஹம்னா, பின்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் போவார்கள். அதுவரைக்கும் விளையாட்டுத்தான்."

"ஏழு வயசு வரைக்கும் ஓத மாட்டாங்களா?"

"மாட்டார்கள்."

"பாவம்," என்றாள். அவள் மூன்றரை வயதிலிருந்து வாப்பாவிடம் ஓதுகிறவள். "மறுகா?"

"ஜெர்மனியில் ஆறு. ஜப்பானிலும் ஆறு. இங்கிலாந்தில் நாலு முடிந்தாலே..." வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"நாலா? அப்ப நான் இங்கிலாந்தில இருந்தா போன வருசமே பெய்த்திரிப்பன்."

சறுக்கிய இடத்திலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. எங்கள் ஊரில் காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடம் என்று சொல்லி அவளைத் தொடச் சொல்லுவோம். எட்டாது. "இன்னும் கொஞ்சம் கை வளரட்டும், அடுத்த வருடம் போகலாம்" என்று சொல்லிவிடலாம். கணக்கு, சான்றிதழ், மார்ச் மாதம் எதையும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

"வலது கை. தலைக்கு மேலே. தலையைச் சாய்க்கக் கூடாது."

ஹம்னா கையை வளைத்தாள். நடுவிரல் சுலபமாகக் காது மடலைப் பிடித்தது. பிடித்ததோடு நிற்காமல் காதை இழுத்தும் காட்டினாள். இவளுக்கும் நீளக் கை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"இப்ப நான்," என்றாள் ஸைனப். குண்டுக் கை பாதித் தலையோடு நின்றுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு எட்டினாள். இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி. மறுபடி எட்டினாள். பிறகு அவள் கன்னங்கள் ஆட ஆரம்பித்தன.

"எனக்கு அஞ்சு வயசு இல்லையா?"

"இருக்கிறது அம்மா. இது சும்மா விளையாட்டு."

"எனக்குக் காது படல. நான் ஸ்கூலுக்குப் போகல."

அரைமணி நேரத்தில், போகக் கூடாதவளைப் போகலாம் என்றும், போக வேண்டியவளைப் போகக் கூடாது என்றும் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வழி முழுக்க ஸைனப் விம்மினாள். ஹம்னா அவள் தோளில் கை போட்டு, "நீ என்ட கைய வெச்சித் தொடு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெஸீமாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு

நானே போய் மௌலவியிடம் ஒப்புக்கொண்டேன். ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். நிலத்தைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு பிழையும் செய்யல அக்கா. என்ட வேலைய உங்கட தலையில வெச்சது எங்கட பிழை," என்றார். பிறகு, "ஹம்னா, இஞ்ச வாங்க மகள்" என்று கூப்பிட்டார்.

சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. தேதி பெரிய எழுத்தில், பக்கத்தில் பிறை சின்ன எழுத்தில். அதைக் கழற்றி மடியில் வைத்து, மகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தா பாருங்க. இந்தச் சின்ன எழுத்த வாப்பா பாத்த. அதில உங்களுக்கு அஞ்சு முடிஞ்சிட்டு. பள்ளிக்குடத்தில பாக்கிற இந்தப் பெரிய எழுத்த. அதில இன்னும் முடியல. வாப்பா அதப் பாக்காம உங்களுக்கு வாக்குக் குடுத்திட்டன். பிழை வாப்பாட."

ஹம்னா இரண்டு எழுத்துகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"எத்தின நாள் குறையிது?"

"முப்பத்தெட்டு."

"அது கழிஞ்சா போகலாமா?"

மௌலவி நாட்காட்டியைக் கீழே வைத்தார். றிஸானா கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் கணக்கு சரியான கணக்கு. முப்பத்தெட்டு நாள் குறைந்தால் முப்பத்தெட்டு நாள் காத்திருப்பது நியாயம்.

"இல்ல மகள். அடுத்த வருசந்தான்," என்றார் மௌலவி.

அதற்குத்தான் அழுதாள். சத்தமில்லாமல், வாப்பாவின் சேர்ட்டில் முகத்தை வைத்து, முதுகு மட்டும் குலுங்க அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "மாப்புச் செய்ங்க மகள், மாப்புச் செய்ங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தகப்பன் ஐந்து வயதுகூட முடியாத பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, காலை ஏழே கால்

ஆணியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் இறங்கியது. ஹம்னா ரோஜா நிறக் கவுன் போட்டிருந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தோம், "பாக்க வாறன்" என்று சப்பாத்தை மட்டும் மாட்டிக்கொண்டு முன்னாலேயே வாசலில் நின்றாள்.

பள்ளிக்கூட வாசலில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். தேசிய கீதம், கிராஅத் ஓதல், அதிபரின் பேச்சு. பேச்சு நீளம். பிள்ளைகளில் பாதிப் பேர் பலூனையும் பாதிப் பேர் அம்மாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பேசிகள் எல்லாம் மேலே உயர்ந்திருந்தன. எட்டரைக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கிரேப் பேப்பர் மாலைகளோடு வரிசையாக இறங்கினார்கள். அதில் ஏழெட்டு நான் கட்டியவை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஸைனபுக்கு வந்தவள் பல் விழுந்த ஒரு சிறுமி. மாலையைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். ஸைனப் இரண்டு கையாலும் ஜெஸீமாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகல. எனக்குக் காது படல."

ஜெஸீமா குனிந்து என்னென்னவோ சொன்னார். ரீச்சர் வந்து சொன்னாள். நான் சொல்லப் போனேன், என்னைப் பார்த்ததும் அழுகை கூடியது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஜோடி ஜோடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பல் விழுந்த சிறுமி நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றாள். ஒத்திகையில் இது இல்லை.

ஹம்னா வாப்பாவின் கையை விட்டுவிட்டு வந்தாள்.

"வா, நான் கொண்டு விடுறன்."

ஸைனப் அபாயாவிலிருந்து ஒரு கையை எடுத்தாள். ஹம்னா அதைப் பிடித்தாள். மற்றக் கையைப் பல் விழுந்தவள் பிடித்தாள். ரீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு வழியை விட்டு ஒதுங்கினாள். வாசலிலிருந்து வகுப்புக்கு நாற்பது அடி இருக்கும். நடுவில் வெள்ளை, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் ரோஜா நிறம். ஹம்னா மெல்லத்தான் நடந்தாள். படியில் ஸைனப் தடுக்கியபோது நின்று அவள் பர்தாவைச் சரி செய்துவிட்டாள். பிறகு மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பல் விழுந்தவளும் வந்துவிட்டாள். ஹம்னா வரவில்லை.

"வகுப்பிலயே இரிந்திட்டாளோ?" என்றார் றிஸானா. "நான் எப்பிடிப் போய் இழுத்திட்டு வாற?"

மௌலவி தொப்பியைக் கழற்றினார், போட்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் நான் என் நீளக் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கதவில் ரோஜா நிறம் தெரிந்தது. தனியாக, கைகளை வீசிக்கொண்டு, நேராக வாப்பாவிடம் வந்தாள்.

"சன்னலுக்குப் பக்கத்தில இடம் எடுத்துக் குடுத்த. கதிர சின்னது. அவ இப்ப அழல்ல."

அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை இறக்கவே இல்லை. 

வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி

ஸைனப் இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் புறப்பட்டுப் போய்விட்டாள். போகும்போது ஒரு தடவை கையைத் தலைக்கு மேலே வளைத்துப் பார்த்துவிட்டு, எட்டாததைப் பற்றிக் கவலைப்படாமல் போனாள். ஜெஸீமா எனக்கு ஒரு டப்பா நிறையத் தொதல் இனிப்புக் கட்டிக் கொடுத்தார். கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரிய வீதிக்கு என்னோடு மௌலவியும் ஹம்னாவும் வந்தார்கள். பஸ் வரக் காத்திருந்தபோது என் முதல் நாள் நினைவுக்கு வந்தது. காதைத் தொட்டதும் தலைமை ஆசிரியர் பேரேட்டில் எழுதினார், அப்பா கடைக்குப் போய்விட்டார், நான் என்னைவிடப் பெரிய பிள்ளைகள் நாற்பது பேருக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அழுதேன். ஒரு வருடம் முன்னதாகப் போனதில் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. யாரும் கையைப் பிடித்து வகுப்பில் கொண்டு விடவில்லை. இந்த ஊர் ஜனவரி முப்பத்தொன்று சட்டத்தில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்று புதன்கிழமை வரை நினைத்திருந்தேன். இன்னொரு வருடம் அம்மாவோடு இருக்க விடுகிற நல்ல மனசும் அதில் கொஞ்சம் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஹம்னாவிடம் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஹம்னா, நேற்று வகுப்புக்குள்ளே இவ்வளவு நேரம் என்ன செய்தாய்?"

தூரத்தில் வந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஸைனபுக்குச் சென்னன். அடுத்த வருசம் நீ ரெண்டாம் ஆண்டு. எனக்கு மால போட வேற ஆரும் வரக் கூடா, நீதான் வரணும் எண்டு. முதல்ல அவக்கு விளங்கல்ல. மறுகாலும் சென்னன். ஓம் எண்ட."

மௌலவி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. நடத்துனர் என் பையை வாங்கி உள்ளே போட்டார்.

"நீங்களும் வருவீங்களா மாமி?"

"ஓம்," என்றேன்.

சன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் கையை ஆட்டவில்லை. வலது கையை வளைத்து இடது காதைப் பிடித்துக் காட்டினாள். நானும் பிடித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவர் காது வலியா என்று கேட்டார். ஜப்பானுக்குப் போவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன், அது இருக்கட்டும். அடுத்த முறை இவர்கள் வாசலில் பலூன் கட்டும்போது எனக்குக் கல்முனைக்குடியில் வேலை இருக்கிறது, ஒரு மாலை கட்ட வேண்டும்.